இரைச்சல் நின்ற ஆம்ப்

மாலை நான்கு பத்துக்கு என் ஆம்ப் இரையவில்லை. எல்லாம் கெட ஆரம்பித்த நேரம் அதுதான். மேடையில் இருந்தவர்கள் அதை நல்ல நேரம் என்று நினைத்தார்கள்.

கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். மாதா கோயில் திருவிழா. பள்ளிக்கூட மைதானத்துச் சிமென்ட் மேடையை மத்தியானம்தான் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். முன்பக்கம் ஈரம் காயவில்லை. நான் நிற்கும் இடத்தில் மட்டும் தடித்த ஜமுக்காளம் போட்டிருந்தது. பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பின் சுவிட்சைப் போட்டேன். அது கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய வால்வு ஆம்ப். சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். சூடானதும் அடிவயிற்றிலிருந்து ஒரு இரைச்சல் எழும்பும், தூரத்தில் எங்கோ மாவு மில் ஓடுவதுபோல. அன்றைக்கு வால்வுகள் ஒழுங்காகச் சிவந்தன. தந்தியை இழுத்தேன், வழக்கமான கனத்தோடு சத்தம் வந்தது. கையை எடுத்தேன். ஒன்றுமே இல்லை.

"மில்லு நின்னுபோச்சி டீச்சர்" என்றான் கீபோர்டு ஏழுமலை. "மாதா புதுமை பண்ணிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேஸ் வாசிக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். உங்களில் இரண்டு பேர் அந்த ஆம்ப்பை விலைக்குக் கேட்டுப் போனும் செய்துவிட்டீர்கள். இப்போது பழைய வால்வு ஆம்ப்புக்கு மவுசு கூடியிருப்பது எனக்கும் தெரியும். ஆனாலும் போனை வைத்ததும், இவர்களுக்கு என் வீட்டு நம்பர் எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் யோசித்தேன். நான் அப்படிப்பட்டவள். விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன். இரண்டு வேலையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது, யார் சொல்வதையும் உடனே நம்பாதே என்பதைத்தான். அது எனக்கு எங்கே உதவியது, எங்கே காலை வாரிவிட்டது என்பதைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். எப்படி வாசிப்பது என்பதை நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

அந்த ஆம்ப் 1993இல் என்னிடம் வந்தது. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருவர், ஒரு காலத்தில் டான்ஸ் பார்ட்டிகளில் பேஸ் வாசித்தவர், கை நடுக்கம் வந்துவிட்டதால் விற்க நினைத்தார். வெளிநாட்டில் செய்த பெட்டி. ஒரு ஆள் தூக்க முடியாது. என்னை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முடித்ததும் வெளியே வந்து, "எடுத்துக்கினு போம்மா" என்றார். அவர் மனைவிதான் வாசல்வரை வந்தார்.

"இது இரையும்மா. சொல்லலன்னு சொல்லாத. கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுக்கினு இருக்கறேன். இனிமே நீயாச்சி, அதாச்சி."

அந்த இரைச்சலுக்கு ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார். பிளக்கில் இருக்கும் பச்சை எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும் என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நம் தொழிலில் இது தெரியாதவர் கிடையாது. மேடையில் ஹம் எனும் இந்த இரைச்சல் வந்தால் எர்த் பின்னை வளைத்துவிடுவார்கள், உடைத்துவிடுவார்கள், அல்லது உள்ளே ஒயரை உருவிவிடுவார்கள். கச்சேரி முடிந்ததும் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் அதற்குச் சம்மதித்ததே இல்லை. பழைய வால்வு ஆம்ப்பின் உள்ளே கரண்ட் ஒயருக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். வயதானால் அது கரண்டைக் கசிய விடும். கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்குவது அந்தப் பச்சை ஒயர். அது இல்லாவிட்டால் ஆம்ப்பின் உடம்புக்கு வரும், அங்கிருந்து கேபிள் வழியாக உங்கள் தந்திக்கு வரும். அதனால் இரையட்டும் என்று விட்டுவிட்டேன். குழுவில் அதற்கு 'டீச்சர் மில்லு' என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெளியூர்க் கடையில் ஆம்ப்பை ரிப்பேருக்குக் கொடுத்தேன். பளபளவென்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மயிலத்தில் அடுத்த கச்சேரியில் பாதிப் பாட்டில் சத்தம் சோர்ந்து விழுந்தது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த நல்ல வால்வுகளை உருவிக்கொண்டு எவருடைய பழைய ரேடியோ வால்வுகளையோ செருகியிருக்கிறார்கள். கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்க குடுத்தது இதான் மேடம்" என்றார் கடைக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அன்றிலிருந்து ஒவ்வொரு வால்வின் அடியிலும் என் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். ஆம்ப் என் கண்ணைவிட்டு அகன்றால், திரும்பி வந்ததும் பொட்டைப் பார்ப்பேன்.

அதனால் அன்று கிளியனூர்ப் பக்கத்து மேடையிலும் நான் முதலில் பார்த்தது பொட்டைத்தான். ஆம்ப் அந்த வாரம் முழுக்க விழுப்புரத்தில் எங்கள் ஒத்திகை அறையில் இருந்தது. ஒத்திகை அறை என்பது ஏழுமலை வீட்டு மாடி. பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். பொட்டுகள் எல்லாம் இருந்தன.

"இன்னா டீச்சர் தேடறீங்க?" என்றான் ஏழுமலை.

"இது ஏன் இரையல?"

"இரைஞ்சாலும் திட்டு, இரையலன்னாலும் திட்டா? பேஜாரா கீதே."

"உன் வீட்லதான இருந்துது. யாரு கை வெச்சா?"

அவன் சிரிப்பு நின்றது. "நான் இன்னாத்துக்கு டீச்சர் கை வெக்கறேன்? எனக்கு வேணும்னா கீபோர்டுல இடது கையால பேஸ் வாசிச்சிட்டுப் போறேன். உங்க மில்ல தூக்கிக்கினு ரெண்டு மாடி ஏறுனதுல எனக்கு இடுப்புதான் போச்சி."

அவன் வேடிக்கையாகச் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். இடது கையால் பேஸ் வாசிக்கலாம் என்று அவன் சொல்வது முதல் முறையல்ல. பேஸுக்குத் தனி ஆள் எதற்கு, வேனில் இடத்தை அடைக்கும் இந்தப் பெட்டி எதற்கு என்று குழுவில் பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும். ஆம்ப் நடுப்பாட்டில் செத்துப்போனால் யாருக்கு லாபம்? இப்படி ஓடியது என் மனம். சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பாயிடமும் போய், "லைன்ல எதுனா மாத்தினீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"என் போர்டுல எல்லாம் பக்காவா இருக்குதும்மா. உங்க பொட்டி சத்தம் போடாததுக்கு நானா ஜவாப்தாரி? சந்தோஷப்படுங்கம்மா" என்றார்.

இந்த இடத்தில் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாயின் சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது. அதை வாங்கி என் தந்தியில் வைத்திருந்தால் அதன் சின்ன விளக்கு எரிந்திருக்கும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் வைக்கவில்லை. பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன், மூன்று பின்னும் உடையாமல் இருந்தது, அதோடு திருப்தி அடைந்துவிட்டேன். மிச்ச நேரமெல்லாம் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால் முதலில் பொருளைச் சந்தேகியுங்கள். ஆட்களைச் சந்தேகிக்க நிறைய நேரம் இருக்கிறது.

ஐந்து மணிவாக்கில் ஏழுமலை தன் கீபோர்டு ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு என் பக்கமாக வந்தான். அவன் எப்போதும் மேடையின் அந்தக் கோடியில், டிரம்ஸுக்குப் பக்கத்தில்தான் நிற்பான். அன்றைக்கு என் ஆம்ப்பின் ஒயர் போகும் ஜங்ஷன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டைப் போட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்று என் மகள் மெர்சி முதல்முறையாக மேடையில் பாடப் போகிறாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வகுப்புத் தோழிகள் நான்கைந்து பேர் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் செருப்பை மேடைக்குக் கீழேயே விட்டுவிட்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஈரத் தரையில் வந்து மைக்கைக் கையில் எடுத்தாள். நம் மேடைகளில் எல்லோரும் செய்வதுதான். ஒன்றும் புதிதில்லை.

"அம்மா, இன்னிக்கி மில்லு இல்ல பாத்தியா" என்று என் காதருகே சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பரீட்சைக்கோ பயணத்துக்கோ பிள்ளை கிளம்பினால் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்புவோம். என் அம்மா எனக்குப் போட்டார், நான் மெர்சிக்குப் போடுகிறேன். இடது கை கிதாரின் கழுத்தில் தந்திகளோடு சேர்ந்து இருந்தது. வலது கையால் அவள் கன்னத்தைப் பிடித்து, கட்டைவிரலை நெற்றியில் வைத்தேன்.

நானும் அவளும் தனித்தனியாக இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. ஜமுக்காளத்தில் நின்ற எனக்குத் தந்தியில் எதுவும் தெரியவில்லை. வெறுங்காலில் நின்ற அவளுக்கு மைக்கில் எதுவும் தெரியவில்லை. நான் அவளைத் தொட்டதும், தந்தியில் நின்ற கரண்ட் எங்கள் இரண்டு பேர் வழியாகவும் மைக்குக்கும் ஈரத் தரைக்கும் பாய்ந்தது. என் விரல்கள் அவள் தாடையின்மேல் மடங்கிக்கொண்டன. விட வேண்டும் என்று தெரிகிறது, விரல் கேட்கவில்லை. அவள் கண் என்னைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. மைக் வழியாக ஒரு உறுமல் மைதானம் முழுக்கக் கேட்டது. அது அவள் குரல்.

பிறகு கரண்ட் அறுந்தது. அவள் விழுந்தாள். நான் ஆம்ப்பின்மேல் சாய்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஏழுமலை ஜங்ஷன் பாக்ஸ் அருகே குந்தியிருந்தான், அவன் கையில் என் ஆம்ப்பின் ஒயர். மேடையில் ஒருவருக்கும் என்ன நடந்தது என்றே புரியவில்லை. பாய் இன்னும் மிக்ஸரில் எதையோ திருகிக்கொண்டிருந்தார். ஏழுமலை ஒருவன் மட்டும் சரியான ஒயரை உருவியிருந்தான்.

மகள் கண்மூடிக் கிடக்கிறாள், நான் அவளிடம் போகவில்லை. அவனைப் பார்த்து, "உனக்கு எப்படிடா தெரிஞ்சிது? எந்த ஒயருன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்று கத்தினேன். தாலுகாவே கேட்டிருக்கும்.

அவன் மெர்சியின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தான். "மூச்சி இருக்குது. அப்புறம் திட்டுங்க டீச்சர். மொதல்ல வண்டில ஏத்துங்க. பாய், பாக்ஸெல்லாம் எறக்கி உடு, ஜல்தி."

பாய் ஸ்பீக்கர்களை மண்ணில் தள்ளிவிட்டு வேனைக் கிளப்பினார். மெர்சியை மடியில் போட்டுக்கொண்டேன். ஏழுமலை ஏறக் காலை வைத்தான். "நீ வராத" என்றேன். காலை எடுத்துவிட்டான்.

திண்டிவனம் போகிற வழியிலேயே அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். மைக் பிடித்த உள்ளங்கையில் வெள்ளையாகத் தோல் வெந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ஒயரைப் பார்த்ததும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. இதயத்துடிப்பு சீராக இருக்கிறது, இருந்தாலும் விடியும்வரை இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார் டாக்டர். எனக்கும் எடுக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், விடவில்லை.

கரண்ட் அடித்த கேஸ் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்த போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மாதிரி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்டிம்மா ஆச்சி?"

"ஆம்ப்ல யாரோ எதையோ பண்ணியிருக்காங்க. என்கிட்ட இருக்கறவரைக்கும் அது இப்படிப் பண்ணதே இல்ல."

"யாரு மேலயாச்சும் சந்தேகம் இருக்குதா?"

அந்தக் கேள்விக்குப் பதிலை நான் மாலையிலிருந்தே தயார் செய்து வைத்திருந்தேன். ஆம்ப் அவன் வீட்டில் இருந்தது. என் இடம் காலியானால் அவனுக்கு லாபம். ஸ்டாண்டைப் பிளக்கின் பக்கம் நகர்த்தினான். எந்த ஒயர் என்று அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. வகுப்பில் பாடம் நடத்துவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க எனக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது.

"அந்த ஆளு பேரு?" என்றார் போலீஸ்காரர்.

நான் வாயைத் திறந்தேன். கட்டிலிலிருந்து மெர்சி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏழுமலை அண்ணன் இல்லம்மா."

"நீ பேசாத படு."

"நான்தாம்மா. வியாழக்கிழமை ரிகர்சலுக்கு நீ வர லேட்டாச்சில்ல. அப்ப பிளக்கைத் தொறந்து பச்சை ஒயரைக் கழட்டி உள்ளயே மடிச்சி வெச்சி மூடிட்டேன். எல்லாருந்தான் அப்டிப் பண்றாங்க. நானே பாத்திருக்கறேன்."

அவள் என் புடவை நுனியை விடவில்லை.

"ஃப்ரெண்ட்ஸெல்லாம் வர்றாங்க. அவங்க முன்னாடி உன்ன மில்லு டீச்சர்னு சொல்லிடுவாங்கம்மா. இன்னிக்கி ஒரு நாளாவது சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன்."

இந்தக் குறுக்கு வழியை அவள் நம் மேடைகளில்தான் கற்றுக்கொண்டாள். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். எர்த் ஒயரை உருவுகிற ஒவ்வொருவரையும் பக்கத்தில் நிற்கும் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. அது ஏன் ஆபத்து என்று என் வீட்டுப் பிள்ளைக்கே நான் சொல்லி வைக்கவில்லை. கண்ட கண்ட ஆட்களிடமிருந்து அந்தப் பெட்டியைக் காப்பாற்றுவதிலேயே என் புத்தி இருந்துவிட்டது.

போலீஸ்காரர் எழுந்தார். "அப்ப சந்தேகம்னு யாரும் இல்லல்ல?"

"யாரும் இல்லீங்க."

"பாப்பாவைத் திட்டாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் திட்டவில்லை. அவள் நெற்றியில் கை வைக்கப் போனேன், பாதியில் கை நின்றுவிட்டது. இன்றுவரைக்கும் சிலுவை போடும்போது இன்னொரு கையில் எதுவும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் போடுகிறேன். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது, "ரெண்டு கையையும் காட்டும்மா" என்று அவளே கேலி செய்வாள்.

பாயை அனுப்பி ஏழுமலையை அழைத்து வரச் சொல்லலாமா, நானே போன் செய்யலாமா என்று யோசித்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வராதே என்று சொல்லியும், யாரோ ஒருவருடைய டூவீலரை வாங்கிக்கொண்டு அவனே வந்து நின்றான். வேட்டி முழுக்க மைதானத்து மண். உள்ளே எட்டிப் பார்த்தான், மெர்சி கையை ஆட்டினாள்.

"ஏழுமலை, அது நீ இல்லன்னு தெரிஞ்சிபோச்சி" என்றேன். "மெர்சி சொல்லிட்டா. அவதான் கழட்டியிருக்கா. ஆனா நீ எப்படி அந்த ஒயரைப் புடிச்ச? அதை மட்டும் சொல்லு."

அவன் சுவரோரம் குந்தினான்.

"வேற எதைப் புடிப்பேன் டீச்சர்? நாலு மணியிலேர்ந்து என்னியே மொறச்சிக்கினு இருந்தீங்க. உங்க ஆம்ப்புக்கு எதுனா ஆச்சின்னா என் தலையிலதான் போடுவீங்கன்னு தெரியும். அதான் புகை கிகை வந்தா ஒடனே புடுங்கிடலாம்னு, ஸ்டாண்டை இஸ்துக்கினு வந்து ஒயரு பக்கத்துலயே போட்டேன். நீங்க என்னைச் சந்தேகப்படலன்னா நான் அந்தக் கோடியிலதான் நின்னுக்கினு இருந்திருப்பேன்."

வேட்டி மண்ணைத் தட்டினான். பிறகு சொன்னான்:

"பிளக்கைத் தொறந்து பாத்தேன், பச்சை ஒயரு மடிஞ்சி கெடந்துது, மாட்டிட்டேன். போட்டுப் பாத்துட்டுதான் வர்றேன். மில்லு ஓடுது டீச்சர்."